முதலில் வருபவர் நல்லவர், பிறகு?

1787 ஜூன் 1. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மாநில மன்றக் கட்டடம். உள்ளே பேசுவதில் ஒரு சொல்லும் வெளியே கசியக் கூடாது என்று விதி செய்துகொண்டு, புதிய நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதக் கூடியிருந்தார்கள். நிர்வாக அதிகாரம் முழுவதையும் ஒரே ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று ஜேம்ஸ் வில்சன் எழுந்து முன்மொழிந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அவையில் நடந்ததை நாள் தவறாமல் எழுதிவைத்த ஜேம்ஸ் மேடிசன், அந்த மௌனத்தையும் குறித்திருக்கிறார். 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அதைக் கலைத்தார். இது பெரிய விஷயம், வாக்கெடுப்புக்கு முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தென் கரோலினாவின் ஜான் ரட்லெட்ஜ், இத்தனை கூச்சம் எதற்கு என்று கடிந்துகொண்டார்.

பிரிட்டிஷ் பேரரசையே எதிர்த்துப் பேசியவர்கள் அன்று ஏன் தயங்கினார்கள்? ஜார்ஜ் வாஷிங்டன் அதே அவையில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை ஆளிடம் அதிகாரம் என்றால் அந்த ஆள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகாரத்தைச் சந்தேகித்துப் பேசினால் அவரைச் சந்தேகிப்பதுபோல ஆகிவிடும். மூன்று நாள் கழித்து பிராங்க்ளின் அதையும் உடைத்துப் பேசினார். முதலில் அந்தப் பதவிக்கு வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார். அவருக்குப் பிறகு எப்படிப்பட்டவர் வருவார் என்று யாருக்கும் தெரியாது என்றார். எங்கும் நடப்பதுபோல இங்கும் நிர்வாகத்தின் அதிகாரம் வளர்ந்துகொண்டே போய் முடியாட்சியில்தான் முடியும் என்றும் எச்சரித்தார்.

கேட்டார்கள், ஆனாலும் ஒற்றை அதிபர் பதவியே நிலைத்தது. மறுவருடம் மே மாதம், அந்த அவையில் உறுப்பினராக இருந்த பியர்ஸ் பட்லர் இங்கிலாந்திலிருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் உள்விஷயத்தைப் போட்டு உடைத்தார். அதிபரின் அதிகாரங்கள் தனக்கே அளவுக்கு மீறியவையாகத் தோன்றுகின்றன என்றும், உறுப்பினர்கள் பலர் வாஷிங்டனை மனதில் வைத்து, அவருடைய நற்குணத்தை நம்பி, அந்த அதிகாரங்களுக்கு வடிவம் கொடுத்தார்கள் என்றும் எழுதினார்.

அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களைப் பற்றிய விவாதம் அந்த நாட்டில் ஓய்வதே இல்லை. ஒரு சாரார், அவர்கள் ஒழுக்கத்தின் மேல் குடியரசைக் கட்டினார்கள், மக்கள் ஒழுக்கம் கெட்டதால் எல்லாம் கெட்டது என்கிறார்கள். மறு சாரார், அவர்கள் மனிதரை நம்பவே இல்லை, அதிகாரத்தை அதிகாரத்தால் அடக்கும் ஏற்பாட்டைத்தான் நம்பினார்கள் என்கிறார்கள். இரண்டுக்கும் மேற்கோள் காட்ட முடியும். அவர்கள் எழுதியதோடு செய்ததையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. தங்களைத் தாங்களே சந்தேகித்த இடங்களில் அவர்கள் கட்டியது 200 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. தங்கள் நற்குணத்தை, அல்லது தங்களுக்குத் தெரிந்த ஒருவரின் நற்குணத்தை நம்பிச் சும்மா விட்ட இடங்களில்தான் வீடு ஒழுகுகிறது.

அவர்கள் ஒழுக்கத்தை லேசாக எடுத்துக்கொண்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ரோம வரலாற்றைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. சொந்த நலனைப் பொதுநலனுக்காக விட்டுக்கொடுப்பதே குடியரசுக் குடிமகனின் அறம் என்று கற்றிருந்தார்கள். ஜூலியஸ் சீசருக்குப் பணியாமல் உயிர்விட்ட கேட்டோவைப் பற்றி ஜோசப் அடிசன் எழுதிய நாடகத்தை, விடுதலைப் போரின்போது, 1778-இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் படையினரே நடித்தார்கள். ஆனால், அதே முகாமில் அந்தக் குளிர்காலத்தில் நடந்த இன்னொன்றும் அவர்கள் நினைவில் இருந்தது. படையினர் பட்டினி கிடந்தபோது, சுற்றுவட்டார விவசாயிகள் பலர் பிலடெல்பியாவைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் படைக்குத் தானியம் விற்றார்கள். அங்கே தங்கமும் வெள்ளியும் கிடைத்தன. இங்கே மதிப்பிழந்த காகிதப் பணம். போர் முடிந்த பிறகும் மாநிலங்கள் தங்கள் பங்குப் பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்தன. நாட்டுக்காக எல்லாரும் எப்போதும் விட்டுக்கொடுப்பார்கள் என்ற எண்ணம் 1787-க்குள் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

மேடிசன் அந்தப் பாடத்தை ஒளிக்காமல் எழுதியவர். பாரிஸிலிருந்து தாமஸ் ஜெஃபர்சன் அனுப்பிய புத்தகங்களை வர்ஜீனியாவில் உட்கார்ந்து படித்து, 1787 ஏப்ரலில் நாட்டின் அரசியல் அமைப்பிலுள்ள கோளாறுகளைப் பட்டியலிட்டார். மக்கள் பிரதிநிதியாக விரும்புகிறவர்களுக்கு மூன்று நோக்கங்கள் உண்டு, பதவி ஆசை, சொந்த லாபம், பொதுநலம். முதல் இரண்டுமே ஓங்கி நிற்கின்றன என்பதுதான் அனுபவம் என்று அதில் குறித்தார். பிறகு அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜான் ஜே ஆகியோரோடு சேர்ந்து எழுதிய 85 கட்டுரைகளின் தொகுப்பான ‘ஃபெடரலிஸ்ட்’டில், 51-ஆம் கட்டுரையில் அந்த எண்ணத்தையே கொள்கையாக்கினார். மனிதர்கள் தேவர்களாக இருந்தால் அரசே தேவையில்லை. ஆளுகிறவர்கள் தேவர்களாக இருந்தால் அரசுக்குக் கடிவாளம் தேவையில்லை. இரண்டுமில்லை என்பதால் ஒருவரின் பதவி ஆசையை இன்னொருவரின் பதவி ஆசையால்தான் மடக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதே மேடிசன் 1788 ஜூன் 20 அன்று, அரசமைப்பை ஏற்பதா என்று விவாதித்த வர்ஜீனியா ஒப்புதல் மன்றத்தில், மக்களிடம் நற்குணம் அறவே இல்லையென்றால் எந்த அரசு முறையும் சுதந்திரத்தைக் காப்பாற்றாது, காப்பாற்றும் என்று நினைப்பது வெறும் கற்பனை என்று பேசினார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாக்குப் போடுகிறவருக்கு ஆளைத் தெரிந்தெடுக்கும் அளவுக்காவது நேர்மை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். தெரிந்தெடுக்கப்பட்டவரிடம் அந்த எதிர்பார்ப்பை வைக்க மறுத்தார்.

இதை பிராங்க்ளினைப் போல வாழ்ந்து காட்டியவர் வேறு யாருமில்லை. இளம் வயதில் ஒழுக்கத்தைப் பழகுவதற்கென்றே ஒரு சிறு குறிப்பேடு செய்துகொண்டவர் அவர். பக்கம்தோறும் சிவப்பு மையால் கோடு போட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள், 13 நற்பண்புகளுக்கு 13 வரிசைகள். மிதமான உணவு, அளவான பேச்சு, ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நீதி என்று போகிறது பட்டியல். தவறிய ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று. பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்குதான் அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. பட்டியலில் முதலில் 12 பண்புகளே இருந்தன. உனக்கு அகம்பாவம் அதிகம் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சொன்ன பிறகு பணிவை 13-ஆவதாகச் சேர்த்தார். அகம்பாவத்தை முழுக்க வென்றுவிட்டால், அப்புறம் தன் பணிவைப் பற்றியே அகம்பாவம் வந்துவிடும் என்றும் எழுதி வைத்தார்.

இப்படித் தன்னையே கணக்கெடுத்த மனிதர் பிரான்ஸில் ஒன்பது ஆண்டுகள் தூதராக இருந்துவிட்டு 1785-இல் ஊர் திரும்பும்போது, மன்னர் பதினாறாம் லூயி தன் உருவம் வரைந்து வைரக்கற்கள் பதித்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கொடுப்பது பிரெஞ்சு அரசவை வழக்கம்; மறுப்பது மரியாதைக் குறைவு. ஆனால், வெளிநாட்டு அரசரிடம் பரிசு பெறக் கூடாது என்பது அமெரிக்க விதி. பிராங்க்ளின் அதை நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் வைத்து அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய அரசமைப்பிலும் அந்தத் தடை இடம்பெற்றது. நம் தூதருக்கு ஒரு மன்னர் கொடுத்த பெட்டிதான் இந்தப் பிரிவுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று எட்மண்ட் ராண்டால்ஃப் பிறகு வர்ஜீனியா மன்றத்தில் விளக்கினார். பிராங்க்ளின் ஒரு பெட்டிக்காக நாட்டை விற்றுவிடுவார் என்று அங்கே யாரும் பயப்படவில்லை. ஆனாலும் பிரிவு எழுதப்பட்டது. நான் மேலே சொன்ன சந்தேகத்தின் மிக நல்ல வடிவம் இது. அதில் யாருக்கும் அவமானமும் இல்லை.

வாஷிங்டன் விஷயத்தில் மட்டும் இந்த ஜாக்கிரதை தளர்ந்தது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1783 மார்ச்சில் நியூயார்க்கின் நியூபர்க் முகாமில் படை அதிகாரிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் சம்பளமில்லை, வாக்களித்த ஓய்வூதியம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆயுதத்தைக் கீழே வைக்காமல் காங்கிரஸை மிரட்டலாம் என்று பெயர் போடாத கடிதங்கள் சுற்றின. மார்ச் 15 அன்று அதிகாரிகள் கூடிய மண்டபத்துக்குள் வாஷிங்டன் எதிர்பாராமல் வந்தார். தயாரித்துவந்த உரையைப் படித்தார். பலரின் முகம் இறுகியே இருந்தது. பிறகு காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் படிக்கத் தொடங்கி, எழுத்துத் தெரியாமல் திணறினார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடி அணிந்து அந்தப் படையில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. உங்களுக்காகச் சேவை செய்து தலை நரைத்தது போதாதென்று இப்போது பார்வையும் மங்குகிறது என்று சொன்னார். அங்கிருந்த அதிகாரிகள் கண்ணீர்விட்டதாக உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கலகம் அத்துடன் அடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று அனாபொலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸின் முன் நின்று தன் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீடு போய்ச் சேர்ந்தார்.

வென்ற படையைக் கையில் வைத்துக்கொண்டு பதவியை விட்டவர்கள் உலக வரலாற்றில் மிகக் குறைவு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. இன்றைய ஆய்வாளர்கள் சிலர் இதை ஒரு திறமையான நாடகம் என்று சிறுமைப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. நாடகமாகவே இருந்தாலும், அன்று அவர் வேறு முடிவு எடுத்திருந்தால் அமெரிக்கா ஒரு தளபதியின் நாடாகத் தொடங்கியிருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெருந்தன்மையைக் கண்ணால் கண்டவர்கள்தான் நான்கு ஆண்டுகள் கழித்து அதிபர் பதவிக்கு விதி எழுத உட்கார்ந்தார்கள். ஒருவர் எத்தனை முறை அதிபராகலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து 1787 டிசம்பரில் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன குறைகளில் இது ஒன்று. குடிமக்களின் உரிமைப் பட்டியல் இல்லாதது இன்னொன்று. உரிமைப் பட்டியல் 1791-இல் முதல் பத்துத் திருத்தங்களாக வந்துவிட்டது. பதவிக்கால வரம்பு வரவில்லை. வாஷிங்டன் இரண்டு தடவையோடு ஒதுங்கினார், அடுத்து வந்தவர்களில் பெரும்பாலோரும் அந்த வழக்கத்தை மதித்தார்கள். 1940-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறையும் 1944-இல் நான்காம் முறையும் வென்ற பிறகுதான் 22-ஆவது திருத்தம் வந்தது. அது 1951-இல் நடைமுறைக்கு வந்தது. 1940 வரை அந்த இடத்தைக் காத்தது ஒரு மனிதரின் நற்குணம் மட்டுமே.

அறத்தைப் பற்றி அதிகம் பேசியவர் ஜான் ஆடம்ஸ். தனி வாழ்வில் அதற்குத் தகுதியும் உள்ளவர். 1770-இல் பாஸ்டனில் கூட்டத்தின் மேல் சுட்டு ஐந்து பேரைக் கொன்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, ஊரே எதிர்த்து நின்றபோது, வழக்கறிஞராக நின்று வாதாடியவர். இரண்டாவது அதிபரான பிறகு, 1798 அக்டோபர் 11 அன்று மாசசூசெட்ஸ் படையினருக்கு எழுதிய கடிதத்தில், நம் அரசமைப்பு ஒழுக்கமும் இறைபக்தியும் உள்ள மக்களுக்காகச் செய்யப்பட்டது, மற்றவர்களை ஆள அது போதாது என்று எழுதினார். இன்றும் மேடைதோறும் ஒலிக்கிற வாக்கியம் இது. மேடையில் சொல்கிறவர்கள் சொல்ல மறப்பது, அதற்கு மூன்று மாதங்கள் முன்னால், அதே ஆண்டு ஜூலை 14 அன்று, அவரே கையெழுத்திட்ட அரசு நிந்தனைச் சட்டம். அரசையோ காங்கிரஸையோ அதிபரையோ பற்றிக் கெட்ட நோக்கத்துடன் பொய்யாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் துணை அதிபர் இல்லை; ஏனென்றால் அப்போது துணை அதிபராக இருந்தவர் எதிர்முகாமின் ஜெஃபர்சன்.

சட்டம் யார் மேல் பாய்ந்தது என்று பாருங்கள். நியூவார்க் நகரில் ஆடம்ஸ் கடந்து போனபோது மரியாதைக்காகப் பீரங்கி வெடித்தார்கள். குடித்துவிட்டு வந்துகொண்டிருந்த லூதர் பால்ட்வின் என்பவர், குண்டு அதிபரின் பின்புறத்தில் பட்டால்கூட எனக்குக் கவலையில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். வழக்கு, அபராதம். வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், அதிபர் ஆடம்பரத்துக்கும் முகத்துதிக்கும் அலைகிறார் என்று எழுதியதற்காக நான்கு மாதம் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் வென்றார். ஆடம்ஸ் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. தன் நேர்மையில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை; ஆகவே தன்னைத் தூற்றுகிறவர்கள் நாட்டைத் தூற்றுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து மேடிசன் 1800-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்காக நீண்ட அறிக்கை ஒன்று எழுதினார். பத்திரிகைச் சுதந்திரத்தில் கொஞ்சம் தவறான பயன்பாடு கலந்தே வரும். கெட்ட கிளைகளை வெட்டப் போய்ப் பழம் தரும் கிளைகளின் வலுவைக் கெடுப்பதைவிட, அவற்றை வளர விடுவதே மேல் என்று அதில் வாதிட்டார். அந்த வாதம் சரியாக 150 ஆண்டுகள் கழித்து சென்னை மாநில அரசுக்கு எதிராக வந்து நின்றது. பம்பாயில் ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையவே கூடாது என்று 1950 மார்ச்சில் இந்த மாநில அரசு தடைபோட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி எம்.பதஞ்சலி சாஸ்திரி, தமிழ்நாட்டுக்காரர். மேடிசனின் அந்த வாதத்தைத் தீர்ப்பில் எடுத்துக்காட்டித் தடையை ரத்து செய்தார். மறு ஆண்டே நேரு அரசு முதலாவது அரசமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்தது. விடுதலைக்காகச் சிறை சென்ற தலைமுறை கொண்டுவந்த திருத்தம் அது. அவர்கள் காலத்தில் எழுதிய வரியை அவர்களுக்குப் பின் வந்த எல்லா அரசுகளும் பயன்படுத்துகின்றன.

இனி அடிமைமுறைக்கு வருகிறேன். நிறுவனர்களைப் புகழ்கிறவர்கள் அதை அந்தக் காலத்து வழக்கம் என்று கடந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கே அது தவறென்று தெரிந்திருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி. பேட்ரிக் ஹென்றி 1773-இல் எழுதிய கடிதத்தில், அடிமைகள் இல்லாமல் வாழ்வதில் உள்ள வசதிக் குறைவுதான் தன்னை இதில் இழுத்து வைத்திருக்கிறது, இதை நியாயப்படுத்த மாட்டேன், முடியவும் முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஜார்ஜ் மேசன் பிலடெல்பியா அவையில், அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் பிறவியிலேயே குட்டிக் கொடுங்கோலன் என்றார். அவரே அடிமைகளின் எசமானர். மனிதரில் சொத்துரிமை உண்டு என்ற எண்ணத்தை அரசமைப்பில் ஏற்பது தவறு என்று மேடிசன் வாதிட்டார். விளைவு, ‘அடிமை’ என்ற சொல்லே இல்லாமல் அடிமைமுறைக்குக் காப்பளித்த ஓர் அரசமைப்பு. பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமை ஒருவர் ஐந்தில் மூன்று பங்கு. அடிமைகளைக் கப்பலில் கொண்டுவருவதை 1808 வரை தடுக்க முடியாது. தப்பி ஓடியவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

அரசரை நம்பவில்லை, சட்டமன்றத்தை நம்பவில்லை, கூட்டத்தை நம்பவில்லை. பண்ணையில் அடிமைக்கு எதிரே நிற்கும் தங்களை மட்டும் எந்தக் கடிவாளமும் இல்லாமல் நம்பினார்கள். காலப்போக்கில் நம் நல்ல மனமே இதைத் தீர்க்கும் என்று இருந்துவிட்டார்கள்.

நல்ல மனம் எதுவரை போனது என்பதற்கு வாஷிங்டனின் வீட்டையே பார்க்கலாம். 1790-இல் தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியது. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்தவர் கொண்டுவந்த அடிமைகள் ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். ஆறு மாதம் நிறையும் முன்பே அவர்களை வர்ஜீனியாவுக்கு அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு நடந்தது. அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்மைக் காரணம் தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லி இதைச் செய்யும்படி, 1791 ஏப்ரலில் தன் செயலர் டோபியாஸ் லியருக்கு வாஷிங்டன் கடிதம் எழுதினார். நியூபர்க்கில் கண்ணாடி மாட்டிய அதே மனிதர்தான். 1796 மே மாதம் ஒரு நாள், குடும்பம் உணவருந்திக்கொண்டிருந்தபோது, மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் அந்த வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டார். பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. திரும்பக் கொண்டுவர அதிபர் ஆள் வைத்து முயன்றார், முடியவில்லை. முதுமையில் வறுமையில் இருந்த ஓனாவைப் பத்திரிகைக்காரர்கள் தேடிப்போய், அந்த வீட்டைவிட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார். 1848-இல் அவர் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் தப்பியோடிய அடிமைதான். தனக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்க வாஷிங்டன் உயில் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஓனா, மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவர் என்பதால் அந்த உயில் அவரைத் தொடவே இல்லை.

ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். 1814-இல் எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர், மேடிசனின் அந்தரங்கச் செயலர், ஜெஃபர்சனின் ஊர்ப்பக்கத்துக்காரர், அவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறு யாருக்கும் இல்லை, வர்ஜீனியாவில் அடிமை ஒழிப்புக்கு நீங்கள் தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் வேலை என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். கூடவே, நீயும் அடிமைகளை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடாதே, இருந்து அவர்களை நன்றாக நடத்து என்று புத்தி சொன்னார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819 வசந்தத்தில் தனக்கு வாரிசுரிமையாக வந்த அடிமைகளை அழைத்துக்கொண்டு ஒஹையோ ஆற்றில் தட்டைப் படகுகளில் இல்லினாய் நோக்கிப் போனார். நடு ஆற்றில் அவர்களைக் கூட்டி, இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் சுதந்திரர்கள் என்று அறிவித்தார். போய்ச் சேர்ந்ததும் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் இல்லினாய் ஆளுநரானார். அங்கே அடிமைமுறையைக் கொண்டுவர நடந்த முயற்சியை 1824 வாக்கெடுப்பில் தோற்கடிப்பதில் முன்னணியில் நின்றார். ஜெஃபர்சன் 1826-இல் கடனில் இறந்தார். மறு ஜனவரியில் அவர் வீட்டு முற்றத்தில் 130 பேரை ஏலம் போட்டார்கள்.

நற்குணத்தைப் பற்றி இரு தரப்பும் பேசும்போது கோல்ஸ் பெயர் அநேகமாக வருவதே இல்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம். அந்த நூற்றாண்டின் அறம் எப்படி இருந்திருக்கலாம் என்பதைக் காட்டிய மனிதர் அவர்.

ஒருவரின் நல்ல மனத்துக்காகக் காத்திராமல், எழுதிய சொல்லே வேலை செய்த இடமும் ஒன்று உண்டு. 1780-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு ஆடம்ஸ் எழுதிய அரசமைப்பு, எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அறிவித்தது. ஷெஃபீல்ட் ஊரில் ஜான் ஆஷ்லி வீட்டில் அடிமையாக இருந்த பெட் என்ற பெண், இந்த வார்த்தைகள் காதில் விழ, தியடோர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போய், சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டார். 1781-இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து குவாக் வாக்கர் வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் அதே வரியைச் சுட்டி, இந்த மாநிலத்தில் அடிமைமுறைக்கு இடமில்லை என்றார். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமையும் பதிவாகவில்லை. அந்தச் சட்டத்தை எழுதிய ஆடம்ஸ் அடிமை வைத்திருந்ததில்லை. ஆனால் பெட்டுக்கு விடுதலை கிடைத்தது அவருடைய குணத்தால் அல்ல, எழுதி வைத்துவிட்டதால்.

இன்றைய அமெரிக்காவுக்கு இது பழங்கதை இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அரசமைப்பு அதிபரிடம் கொடுத்திருக்கிறது. பதவி நீக்க வழக்கு ஒன்றைத் தவிர வேறு வரம்பில்லை. 1788 ஜூனில் ஜார்ஜ் மேசன் வர்ஜீனியா மன்றத்தில் இதைப் பிடித்துக்கொண்டார். தானே தூண்டிவிட்ட குற்றத்தை அதிபர் மன்னிக்கலாமே, விசாரணைக்கு முன்னாலேயே மன்னித்துத் தன்மேல் சாட்சி வராமல் தடுக்கலாமே என்று கேட்டார். அப்படி நடந்தால் பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்டிப் பதவி நீக்க முடியும் என்று மேடிசன் பதில் சொன்னார். காங்கிரஸ் தன் அதிகாரத்தை மானமாகக் கருதிக் காக்கும் என்பது அவர் கணக்கு. கட்சி என்ற ஒன்று அதிபரையும் செனட்டையும் ஒரே கயிற்றில் கட்டும் என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கட்சிகளில் ஒன்றை ஜெஃபர்சனோடு சேர்ந்து அவரே கட்டினார்.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தைக் கும்பல் தாக்கியது. தூண்டியதாக டொனால்ட் டிரம்ப் மேல் வந்த குற்றச்சாட்டில் செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். 67 தேவை, தப்பினார். 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அதிபரின் அடிப்படை அரசமைப்புப் பணிகளுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு என்றது. 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்ற நாளிலேயே, அந்தத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஏழு வாரங்களுக்கு முன், அதிபர் பைடன் தன் மகனுக்கே மன்னிப்பு வழங்கியிருந்தார். இரண்டும் ஒரே எடை உள்ளவை என்று நான் சொல்லவில்லை. சொந்த வழக்கிலும் சொந்த ரத்தத்திலும் ஒருவர் நியாயமாக இருப்பார் என்று நம்பி விட்ட ஓட்டைதான் இரண்டுக்கும் வழி என்கிறேன்.

அந்த ஓட்டையை அடைக்க அன்றே வாய்ப்பு வந்தது. அவை முடிய இரண்டு நாள் இருக்கையில், 1787 செப்டம்பர் 15 அன்று, தேசத் துரோகக் குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் அதிபருக்குக் கூடாது, அவரே அதில் பங்காளியாக இருக்கலாம் என்று ராண்டால்ஃப் தீர்மானம் கொண்டுவந்தார். மேசன் ஆதரித்தார். வாக்கெடுப்பில் இரண்டு மாநிலங்கள் மட்டுமே ஆதரிக்க, தீர்மானம் தோற்றது. அதை இன்று விரிவாக்கி மறுபடி கொண்டுவரலாம்: அதிபர் தனக்கும், தன் குடும்பத்தினருக்கும், தன் பதவியோடு தொடர்புள்ள குற்றங்களிலும் மன்னிப்பு வழங்க செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். பிளவுபட்ட நாட்டில் அது பெரும்பாடு. 22-ஆவது திருத்தத்துக்கு 1947 மார்ச்சிலிருந்து 1951 பிப்ரவரி வரை நான்கு ஆண்டுகள் ஆயின. எந்தக் கட்சியின் அதிபருக்கு எதிராக இதைத் தொடங்குவது என்று இரு கட்சியினரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து வருபவர் யாரென்று இன்னும் தெரியாத ஒரு தேர்தலுக்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.